தண்ணீரை விடாத மண்: அயர்லாந்தின் லீட்ரிம் கவுன்ட்டி

அயர்லாந்தில் ஒரு பழைய கேலி உண்டு. மற்ற ஊர்களில் நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்பார்களாம், லீட்ரிமில் மட்டும் காலன் கணக்கில் விற்பார்களாம். காலன் என்பது தண்ணீரையும் பாலையும் அளக்கிற அளவு. லீட்ரிம்காரர்களே இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால், அந்த ஊரின் நானூறு ஐந்நூறு வருடக் கதையே இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

அயர்லாந்துத் தீவில் மொத்தம் 32 கவுன்ட்டிகள். கவுன்ட்டி என்பதை நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், அளவில் சிறியது. அந்த 32-லும் ஆள் குறைவான கவுன்ட்டி லீட்ரிம். பரப்பு சுமார் 1,590 சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 35 ஆயிரத்துச் சொச்சம், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 22 பேர். பெரிய நகரம் என்று எதுவும் கிடையாது. தலைநகரான காரிக்-ஆன்-ஷானனே ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சின்ன டவுன்தான்.

வரைபடத்தில் பார்த்தால் இடுப்பு சிறுத்த உடம்பு மாதிரி தெரியும். அந்த இடுப்பில்தான் ஆலன் ஏரி கிடக்கிறது. அயர்லாந்தின் மிக நீளமான ஆறான ஷானன், பக்கத்துக் கவுன்ட்டியான கேவனின் மலையடிவாரத்தில் ஊற்றெடுத்து இந்த ஏரிக்குள் இறங்குகிறது. ஏரி கவுன்ட்டியைக் கிட்டத்தட்ட இரண்டாக வெட்டிவிடுகிறது. வடக்கே மலைகளும் செங்குத்தான பள்ளத்தாக்குகளும். தெற்கே சின்னச் சின்னக் குன்றுகள், அவற்றுக்கு நடுவே எண்ண முடியாத குட்டி ஏரிகள். வடக்கத்திக்காரர்கள் சாமான் வாங்க ஸ்லைகோ நகரத்துக்குப் போவார்கள், தெற்கத்திக்காரர்கள் காரிக்குக்கும் லாங்ஃபோர்டுக்கும். ஒரே கவுன்ட்டி என்ற பெயர்தான், புழக்கம் வேறு வேறு திசையில். 2007-ல் நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரித்தபோது வட லீட்ரிமை ஸ்லைகோவோடும் தென் லீட்ரிமை ரோஸ்காமனோடும் ஒட்டவைத்தார்கள். 2016 வரை அப்படித்தான் இருந்தது. இருக்கிற கொஞ்சம் வாக்கையும் இரண்டாகப் பிளந்தால் யார் மதிப்பார்கள் என்று ஊரே கொதித்தது.

கடலும் உண்டு, பெயருக்கு. வடமேற்கு மூலையில் டல்லஹன் என்ற சிற்றூர் பக்கம் 5 கிலோமீட்டருக்கும் குறைவான கரை. அயர்லாந்தில் கடலைத் தொடும் கவுன்ட்டிகளில் இதுதான் மிகக் குட்டையான கடற்கரை.

இனி மண்ணுக்கு வருவோம். பனியுகத்தில் இந்தப் பகுதியை மூடியிருந்த பனிப்பாறை நகர்ந்தபோது, அடியில் சிக்கிய களிமண்ணையும் கல்லையும் தேய்த்து, உருட்டி, கவிழ்த்து வைத்த முட்டைகள் போன்ற குன்றுகளாக விட்டுவிட்டுப் போனது. புவியியலில் இவற்றுக்கு ட்ரம்லின் என்று பெயர். இந்தச் சொல்லே ஐரிஷ் மொழியின் ‘ட்ரிம்’ என்பதிலிருந்து வந்தது. முதுகு, மேட்டுமுகடு என்று பொருள். லீட்ரிமின் ஊர்ப்பெயர்களை வரிசையாகப் படித்தால் வேடிக்கையாக இருக்கும்: ட்ரம்ஷான்போ, ட்ரம்கீரன், ட்ரம்ஸ்னா, ட்ரமஹேர், ட்ரோமட். எல்லாமே ஏதோ ஒரு முகடு. லீட்ரிம் என்ற பெயருக்கே ‘சாம்பல்நிற முகடு’ என்றுதான் அர்த்தம். அது ஒரு கிராமத்தின் பெயர், பிறகு கவுன்ட்டிக்கும் ஆனது. முகட்டின் மேல்தான் கால் நனையாமல் நிற்க முடியும் என்பதால் முகட்டுக்குத்தான் பெயர் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ட்ரம்லினின் களி இறுகிய களி. மேலே விழுந்த தண்ணீர் கீழே இறங்காது, மண்ணோடு ஊறிக்கொண்டே நிற்கும். காற்றுப் புகாத மண் சாம்பலும் நீலமுமாக நிறம் மாறிவிடும். மழையோ கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற ரகம் அல்ல. அட்லாண்டிக்கிலிருந்து வருகிற தூறல், வருடம் முழுக்க, நாள் விட்டு நாள். வெயிலுக்குக் காய்கிற அவகாசம் மண்ணுக்குக் கிடைப்பதே இல்லை. விளைவை வயலில் நேரே பார்க்கலாம். நல்ல புல் இருக்க வேண்டிய இடத்தில் கோரை. மாடுகளை விட்டால் குளம்பு பட்ட இடமெல்லாம் குழியாகி, குழியில் தண்ணீர் நின்று, இருந்த புல்லும் சேறாகிவிடும். அதனால் வருடத்தில் பல மாதம் மாட்டைக் கொட்டிலில் கட்டித் தீனி போட வேண்டும். இங்கே கன்று ஈனவைத்துக் கொஞ்சம் வளர்த்து, கிழக்கே காய்ந்த புல்வெளி உள்ள பண்ணைகளுக்கு விற்றுவிடுவது வழக்கம். கொழுத்த லாபமும் கன்றோடு கிழக்கே போய்விடும்.

ஆனால் இதே சேறுதான் ஒரு காலத்தில் லீட்ரிமின் கோட்டையாக இருந்தது.

இடைக்காலத்தில் இந்தப் பகுதி பிரெஃப்னி என்ற நாட்டின் மேற்குப் பாதி. ஆண்டவர்கள் ஓ'ரூர்க் வம்சத்தார், இருப்பிடம் ட்ரமஹேர். 1152-ல் ஓ'ரூர்க் அரசனின் மனைவி டெர்வோர்கிலாவை லெய்ன்ஸ்டர் அரசன் டெர்மட் மக்மரோ தூக்கிக்கொண்டு போனான், அல்லது அவளே விரும்பிப் போனாள். கதை இரண்டு விதமாகவும் உண்டு. பிற்பாடு நாட்டை இழந்த டெர்மட், அதை மீட்கத் துணை தேடிக் கடல் தாண்டிப் போய், இங்கிலாந்தைப் பிடித்திருந்த நார்மன்களை அழைத்துவந்தான். 1169-ல் அவர்கள் வந்து இறங்கினார்கள். அயர்லாந்து அடிமைப்பட்டதற்கு ஒரு பெண்தான் காரணம் என்று காலம் காலமாகச் சொல்லிவந்தார்கள். இந்த மாதிரிக் கதைகளில் ஆண்களின் நில ஆசை எப்போதும் சௌகரியமாக மறைந்துகொள்ளும். மனைவி போனது 1152, டெர்மட் நாட்டைவிட்டு விரட்டப்பட்டது 1166. நடுவில் 14 வருடம் இருக்கிறது.

சேற்றின் பலம் நன்றாகத் தெரிகிற இடம் 1588. ஸ்பெயினின் பெரும் கடற்படை இங்கிலாந்தை வெல்ல முடியாமல் அயர்லாந்தைச் சுற்றித் திரும்பும்போது புயலில் சிக்கியது. ஸ்லைகோ கரையில் மட்டும் மூன்று கப்பல் உடைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தப்பியவர்களில் பிரான்சிஸ்கோ தெ குவேயார் என்ற கேப்டன் ஒருவர். உடம்பில் துணிகூட இல்லாமல் அலைந்து, கடைசியில் வட லீட்ரிமில் மெல்வின் ஏரியில் இருந்த ராஸ்க்ளாஹர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலப் படை வருகிறது என்றதும் ஊர்த் தலைவர் குடிகளையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு மலையேறிவிட்டார். குவேயாரும் இன்னும் சில ஸ்பானியர்களும் கோட்டையில் தங்கினார்கள். சுற்றிலும் ஏரி, ஏரியைச் சுற்றி மார்பளவு சதுப்பு. படை 17 நாள் எதிர்க்கரையில் நின்று பார்த்தது, பனி கொட்ட ஆரம்பித்ததும் திரும்பிப் போய்விட்டது. இதையெல்லாம் அவரே மறுவருடம் ஒரு நீண்ட கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். திரும்பி வந்த தலைவர் மகிழ்ந்துபோய்த் தன் தங்கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் என்றும், தான் விடியுமுன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டதாகவும் அதிலேயே எழுதியிருக்கிறார்.

அப்படித் தப்பியவர்களுக்கு இடம் கொடுத்ததும் ராஜதுரோகக் குற்றங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, பிரையன் ஓ'ரூர்க் 1591-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மகன் விடவில்லை. 1602-ன் கடைசி நாளில், அயர்லாந்தின் தெற்குக் கோடியிலிருந்து ஓ'சல்லிவன் பேர் என்ற தலைவர் சுமார் ஆயிரம் பேரோடு நடக்கத் தொடங்கினார். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், வேலையாட்கள் எல்லாரும். வழியெல்லாம் பனியும் பசியும் எதிரியும். இரண்டு வாரம் கழித்து லீட்ரிம் கிராமத்தில் ஓ'ரூர்க் கோட்டை வாசலை அடைந்தவர்கள் 35 பேர். அந்தப் பக்கம் ஆங்கிலேயருக்கு அடங்காமல் மிச்சமிருந்த இடம் அதுதான். அதுவும் சீக்கிரமே விழுந்தது. பிறகு 1620-களில் நிலத்தைப் பிடுங்கி ஆங்கில, ஸ்காட்டியக் குடியேறிகளுக்குப் பங்கிட்டார்கள். மனர்ஹாமில்டன் என்ற ஊர்ப்பெயரில் அப்படி வந்த ஹாமில்டன் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

நிலம் கைமாறியதும் மண்ணோடு மல்லுக்கட்டுகிற வேலை குத்தகைக்காரர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் கையில் இருந்த கருவி லாய். மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் நடுவில் ஒரு சாமான் என்று சொல்லலாம். நீளமான மரப்பிடி, நுனியில் குறுகலான இரும்பு, ஒரு பக்கத்தில் மட்டும் கால் வைத்து மிதிக்க ஒரு படி. ஏர் இறங்காத சரிவிலும் சேற்றிலும் இது இறங்கும். வேலை செய்யும் முறை இப்படி: புல்தரையின் மேலேயே வரிசையாக எருவும் விதைக் கிழங்கும் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் லாயை மிதித்துப் புல்லோடு மண்ணைப் பெயர்த்து, புத்தகத்தை மூடுகிற மாதிரி கிழங்கின் மேல் மடித்துப் போட வேண்டும். மண் எடுத்த இடம் வாய்க்காலாகி, தண்ணீர் சரிவில் வடிந்துவிடும். கிழங்கு மேட்டுப்பாத்தியில் கால் நனையாமல் இருக்கும். வெளியூர்க்காரர்கள் இதற்கு ‘சோம்பேறிப் பாத்தி’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாள் லாய் பிடித்துப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

இந்தப் பாத்தியும் உருளைக்கிழங்கும் சேர்ந்துதான் லீட்ரிமை நிரப்பின. கோதுமை வராத மண்ணில் கிழங்கு வந்தது. கொஞ்ச நிலத்தில் ஒரு குடும்பம் வயிறு நிறைந்தது, பிள்ளைகளுக்கு அதையே துண்டு போட்டுக் கொடுக்க முடிந்தது. 1841-ல் லீட்ரிமின் மக்கள் தொகை 1,55,297. இன்று இருப்பதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். 1845-ல் கிழங்கு அழுகல் நோய் வந்தது. அடுத்தடுத்த வருடங்களும் விளைச்சல் போனது. 1851-ல் கணக்கெடுத்தபோது 1,11,897 பேர் இருந்தார்கள். பத்து வருடத்தில் 43 ஆயிரத்துக்கும் மேல் குறைவு. செத்தவர்களும் கப்பல் ஏறியவர்களும் சேர்த்து.

பஞ்சத்தோடு கதை முடிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பஞ்சம் ஆரம்பித்துத்தான் வைத்தது. நிலத்தைத் துண்டு போட்டதால்தானே செத்தோம் என்று, அதன்பின் பண்ணையை ஒரே மகனுக்கு முழுசாகக் கொடுக்கிற பழக்கம் வேரூன்றியது. மற்ற பிள்ளைகளுக்கு நியூயார்க், பாஸ்டன், பிற்பாடு லண்டன். அந்த ஒரு மகனும் பெற்றோர் கண்மூடும்வரை காத்திருந்து, நரை தட்டியபின் கல்யாணம் செய்வான், அல்லது செய்யாமலே இருந்துவிடுவான். 1926-ல் 55,907. 1961-ல் 33,470. 1996-ல் 25,057. பஞ்சத்துக்கு முன் ஆறு பேர் இருந்த இடத்தில் ஒருவர். நாடு சுதந்திரம் பெற்றதும் இந்த எண்ணிக்கைகளை அசைக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் பிரகடனத்தில் கையெழுத்திட்டுச் சுட்டுக்கொல்லப்பட்ட ஷான் மக்டெர்மட் பிறந்தது இங்கே கில்டிக்ளாஹரில்தான். அவர் கேட்ட குடியரசு வந்தது, அவர் ஊர்க்காரர்கள் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தார்கள். நாட்டுப் பிரிவினையில் அந்தச் சிற்றூர், பிரிட்டனோடு நின்றுவிட்ட வட அயர்லாந்தின் எல்லையோரமாகிவிட்டதும் சேர்ந்துகொண்டது. சந்தைக்குப் போகிற ரோடு வேறு நாட்டுக்குள் போனால் கடைத்தெரு என்ன ஆகும்?

நடுவில் ஒருவர் ஊரிலேயே இருக்க ஆசைப்பட்டார். ஜிம்மி கிரால்டன். அமெரிக்கா போய்த் திரும்பியவர், இடதுசாரி. கௌவெல் என்ற குக்கிராமத்தில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒரு கூடம் கட்டினார். அதில் வகுப்பு, விவாதம், நில வழக்குப் பஞ்சாயத்து, அப்புறம் நடனம். பாதிரியார்களுக்கு இது பொறுக்கவில்லை. 1932 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கூடம் எரிந்தது. மறுவருடம் அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்ததைச் சாக்காக வைத்து அரசாங்கம் அவரையே நாடு கடத்திவிட்டது. சுதந்திர அயர்லாந்து நாடு கடத்திய ஒரே அயர்லாந்துக்காரர் என்று சொல்வார்கள். 2016-ல் குடியரசுத் தலைவர் வந்து மன்னிப்புக் கேட்டார். கிரால்டன் 1945-லேயே நியூயார்க்கில் இறந்துவிட்டார்.

தண்ணீரை வைத்துப் பணம் பண்ணவும் ஒரு முயற்சி நடந்தது. ஷானன் ஆற்றையும் வடக்கே எர்ன் ஏரியையும் இணைக்க, பாலினமோர் வழியாக ஒரு கால்வாய். பஞ்ச காலத்தில் 1846-ல் தொடங்கி 1860-ல் முடித்தார்கள். வயல் தண்ணீரை வடிக்கவும் படகு விடவும் ஒரே கால்வாய் என்பது திட்டம். இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு. முடிவதற்குள் ரயில் வந்துவிட்டது. திறந்திருந்த ஒன்பது வருடத்தில் கட்டணம் கட்டிப் போன படகு எட்டு. வசூல் 18 பவுண்டு. அப்படியே விட்டுவிட்டார்கள். ரயிலுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 1887-ல் மூன்றடி அகலத் தண்டவாளத்தில் ஓடத் தொடங்கிய குட்டி ரயில், பக்கத்து அரிக்னா சுரங்கத்தின் நிலக்கரியைச் சுமந்து காலம் தள்ளியது. 1958-ல் நிலக்கரியை அங்கேயே எரிக்க ஒரு மின்நிலையம் வந்தது. ரயிலுக்குச் சரக்கு இல்லை. 1959 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

அந்தக் கால்வாய் மட்டும் மறுபடி எழுந்தது. தூர்வாரி, மதகுகளைப் புதுப்பித்து, சுற்றுலாப் படகுகளுக்காக 1994-ல் ஷானன்-எர்ன் நீர்வழி என்று திறந்தார்கள். இன்று கோடையில் காரிக் துறையில் வெள்ளைப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். அதே 1994-ல்தான் லீட்ரிம் அணி கேலிக் கால்பந்தில் கொனாக்ட் மாகாணக் கோப்பையை வென்றது. அதற்கு முன் வென்றது ஒரே ஒரு தடவை, 1927-ல். அந்த 1927 அணியின் கேப்டன் டாம் கேனன் அப்போதும் உயிரோடு இருந்தார். மேடையில் புதிய கேப்டன் டெக்லன் டார்சியோடு சேர்ந்து கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் லீட்ரிமில் எல்லாருக்கும் தெரியும். ஆள் இல்லாத கவுன்ட்டி பதினைந்து பேரைத் திரட்டி ஜெயித்ததே பெரிய விஷயம்.

1996-க்குப் பிறகு எண்ணிக்கை மெல்ல ஏறியது. அரசு 1998-ல் இந்தப் பக்கம் வீடு கட்டுவோருக்கு வரிச்சலுகை கொடுத்தது. வீடுகள் முளைத்தன, குடியேற ஆள் முளைக்கவில்லை. 2008-ல் பொருளாதாரம் சரிந்தபின் 2011-ல் கணக்கெடுத்தால், விடுமுறை வீடுகளையும் சேர்த்து நூற்றுக்கு 30 வீடு காலி. நாட்டிலேயே அதுதான் அதிகம். இன்றைக்குப் பல வீடுகள் நிரம்பிவிட்டன. மலிவு விலை பார்த்து ஜெர்மனி, இங்கிலாந்திலிருந்து முன்பே வந்து தங்கிய ஓவியர்களும் இயற்கை விவசாயிகளும் வட லீட்ரிமுக்கு ஒரு தனி முகம் கொடுத்திருக்கிறார்கள். ஆலன் ஏரிப் பக்கம் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் திட்டம் வந்தபோது இவர்களும் பழைய பண்ணைக்காரர்களும் ஒன்றாக நின்று எதிர்த்தார்கள். 2017-ல் நாடு முழுவதற்கும் அது தடை செய்யப்பட்டது.

இப்போதைய சண்டை மரத்தோடு. சிட்கா ஸ்ப்ரூஸ், வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த ஊசியிலை மரம். மாட்டுக்கு ஆகாத ஈரக்களி அதற்கு அமிர்தம். 35, 40 வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். அரசு மானியம் உண்டு. கவுன்ட்டியின் ஐந்தில் ஒரு பங்கு இன்று காடு, நாட்டிலேயே அதிக விகிதம். வாரிசு இல்லாத வயதான பண்ணைக்காரருக்கு இது நிம்மதியான வருமானம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்குகிறவர்களில் வெளியூர் முதலீட்டு நிதிகளும் உண்டு. வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் தோட்டம் போட்டுவிட்டால், மரம் உயர உயர முற்றத்தில் வெயில் விழாது, எதிர்க்குன்றின் விளக்கு தெரியாது. பக்கத்து நிலத்தில் குடும்பம் இல்லை என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையும் இல்லை. ‘சேவ் லீட்ரிம்’ என்ற பெயரில் இதற்கெதிராகப் போராடுகிறார்கள். 2020 ஜூனில் ட்ரம்கீரன் அருகே ஷாஸ் மலையில், காய்ந்த மாதங்களுக்குப் பின் பெருமழை அடித்தபோது மக்கிய கரிமண் அப்படியே வழிந்து, நட்ட மரங்களையும் இழுத்துக்கொண்டு கீழே இருந்த வயல்களை மூடியது. அதன்பின் அவர்கள் குரல் இன்னும் ஓங்கியது.

ஸ்ப்ரூஸ் நடுவதற்கு நிலத்தைத் தயார் செய்கிற விதத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். எக்ஸ்கவேட்டர் சரிவில் நீளமாக வாய்க்கால் வெட்டும். தோண்டிய களியைக் கரண்டியால் அள்ளிப் பக்கத்தில் புல்லின் மேல் சின்ன மேடாகக் கவிழ்க்கும். வாய்க்காலில் தண்ணீர் வடியும், மேட்டின் மேல் நாற்று கால் நனையாமல் நிற்கும். லாய் செய்த அதே வேலை. கிழங்குப் பாத்தியின் தடங்கள் இன்னும் மேற்கு அயர்லாந்தின் பல சரிவுகளில் இருக்கின்றன. மாலை வெயில் சாய்வாக விழும்போது புல்லுக்கடியில் வரி வரியாகத் தெரியும். ஸ்ப்ரூஸ் வளர்ந்த சரிவில் அந்த வெயில் தரையைத் தொடுவதில்லை.